தாடையை நகர்த்தினால் ஓட்டம் நீளுமா? ‘மோரா’ கருவி பற்றிய நிகழ்வு ஆய்வு

ஒரு விளையாட்டு வீரரை நிமிர்ந்து நிற்கவைத்து, வலக்கையைத் தோள் உயரத்துக்குப் பக்கவாட்டில் நீட்டச் சொல்கிறார்கள். அவர் வழக்கம்போல் பற்களைக் கடித்துக்கொண்டு நிற்க, சோதிப்பவர் அவருடைய மணிக்கட்டின்மேல் விரல்களை வைத்துக் கீழ்நோக்கி அழுத்துகிறார். கை மெல்ல இறங்கிவிடுகிறது. அடுத்து, கடைவாய்ப் பற்களுக்கு இடையில் ஒரு மெழுகுத் துண்டை வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் அழுத்துகிறார். இம்முறை கை அசைந்து கொடுக்கவில்லை. சுற்றி நிற்கும் சக வீரர்கள் வியந்துபோகிறார்கள். தாடையின் இருப்பில் ஏற்பட்ட ஓரிரு மில்லிமீட்டர் மாற்றம் தோளின் வலிமையையே கூட்டிவிட்டது என்று அந்த இடத்திலேயே அனைவரும் முடிவுகட்டிவிடுகிறார்கள்.

1970-களின் இறுதியில் அமெரிக்கப் பல் மருத்துவர்கள் சிலர் இத்தகைய செயல்விளக்கங்களை நம்பித்தான் ஒரு புதிய துறையையே எழுப்ப முயன்றனர். கீழ்த்தாடையை இடம் மாற்றி அமர்த்தும் கருவி ஒன்று அப்போது புகழ்பெற்றது. அதன் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதை ‘மோரா’ என்று அழைத்தனர். இன்று மாரத்தான் ஓட்டக்காரர்களுக்கும் சைக்கிள் வீரர்களுக்கும் டிரையத்லான் வீரர்களுக்கும் விற்கப்படும் மவுத்பீஸ்கள் வடிவத்தில் அதிலிருந்து வேறுபட்டாலும், அவற்றின் பின்னால் நிற்கும் வாதம் பெரும்பாலும் மோராவின் வாதம்தான். ஆகவே நீள்தூரப் போட்டியாளர் ஒருவர் வாயில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு ஓடலாமா என்று கேட்டால், மோராவுக்கு என்ன நேர்ந்தது என்பதிலிருந்து தொடங்குவதே நேர்மையான வழி என்று நான் கருதுகிறேன்.

தொடக்கம்: பாதுகாப்பிலிருந்து வலிமைக்கு

கதையின் முதல் புள்ளி இண்டியானா மாநிலத்தில் உள்ள நோட்டர்டேம் பல்கலைக்கழகம். அங்கே அமெரிக்கக் கால்பந்து ஆடிய மாணவர்களுக்கு மவுத்கார்டு பொருத்திக் கவனித்த ஜான் ஸ்டெங்கர் என்ற பல் மருத்துவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1964-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மவுத்கார்டு பற்களை மட்டும் காப்பதில்லை, தலைக்கும் கழுத்துக்கும் வரும் அதிர்ச்சியையும் குறைக்கிறது என்பதே அதன் சாரம். கருவியை வாயில் வைக்கும்போது கீழ்த்தாடையின் தலைப்பகுதி தன் குழியிலிருந்து சற்று விலகுவதையும் கழுத்தெலும்புகளின் வரிசை மாறுவதையும் பக்கவாட்டு எக்ஸ்ரே படங்கள் வழியாக அவர்கள் சுட்டிக்காட்டினர். இதுவரை பேச்சு முழுவதும் காயத் தடுப்பைப் பற்றியதுதான்.

அடுத்த 15 ஆண்டுகளில் பேச்சின் திசை மாறியது. தாடை மூட்டு வலிக்கு மருத்துவம் செய்துவந்த நியூயார்க் பல் மருத்துவர் ஹரால்டு கெல்பின் பெயரோடு மோரா கருவி பரவியது. கீழ்த்தாடையின் கடைவாய்ப் பற்களை மட்டும் மூடும் இரண்டு அக்ரிலிக் துண்டுகளை, நாக்குப் பக்கமாக ஓடும் ஓர் உலோகக் கம்பி இணைத்திருக்கும். முன்பற்கள் மூடப்படாமல் இருக்கும். 1978-இல் ஸ்டீபன் ஸ்மித் என்பவர், ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் என்னும் அமெரிக்கக் கால்பந்து அணியின் வீரர்களைச் சோதித்து, தாடையின் இருப்புக்கும் தசை வலிமைக்கும் தொடர்பு உண்டு என்று எழுதினார். பனிச்சறுக்கு வண்டியில் மல்லாந்து படுத்து விரையும் லூஜ் என்னும் போட்டிக்கான அமெரிக்க ஒலிம்பிக் அணியினருக்கும் மோரா பொருத்தப்பட்டது. அந்த அனுபவத்தைப் பற்றி 1984-இல் வெளியான கட்டுரையின் தலைப்பு வேகத்தைப் பற்றிப் பேசவில்லை, தலைவலி குறைவதைப் பற்றியே பேசியது என்பதை இங்கே குறித்துவைக்க விரும்புகிறேன். வளைவுகளில் தலையை உந்தும் விசையைக் கழுத்துத் தசைகளால் தாங்கிக்கொண்டு, பற்களை நெரித்தபடி, அதிரும் பனித்தடத்தில் இறங்குபவருக்கு இறுகிய தாடையின் சுமையைக் குறைப்பது ஆறுதல் தரும் என்பது நம்பக்கூடியதே. ஆனால் வலி குறைந்தது என்பதும் உடல் வலுத்தது என்பதும் இரண்டு வெவ்வேறு கூற்றுகள். அந்தக் காலத்து ஆர்வலர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டனர்.

அந்த மூட்டு எப்படி இயங்குகிறது

இவ்வாதத்தின் கவர்ச்சி புரிய வேண்டுமானால் மூட்டைத் தொட்டுப் பார்ப்பது நல்லது. இரு காதுகளுக்கும் சற்று முன்னால் விரல் நுனிகளை வைத்துக்கொண்டு வாயை மெதுவாகத் திறந்தால், முதலில் ஒரு சுழற்சியும், பிறகு விரலுக்கு அடியிலிருந்து ஏதோ ஒன்று முன்னோக்கி வழுக்கிச் செல்வதும் உணரப்படும். வழுக்குவது கீழ்த்தாடை எலும்பின் குமிழ். அதற்கும் மண்டையோட்டின் குழிக்கும் இடையில் நாரினாலான ஒரு மெல்லிய தட்டு உண்டு. குமிழோடு சேர்ந்து அதுவும் நகர வேண்டும். தட்டு தன் இடத்திலிருந்து முன்னே விலகியிருந்தால், வாய் திறக்கும்போது குமிழ் அதன்மேல் ஏறி அமரும் ‘டக்’ என்ற ஒலி கேட்கும். வலியில்லாமல் இந்த ஒலி மட்டும் உள்ளவர்கள் ஏராளம். அவர்களுக்குப் பெரும்பாலும் எந்த மருத்துவமும் தேவைப்படுவதில்லை.

கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் உள்ள மெல்லும் தசைகளை இயக்குவதும், முகத்தின் தொடு உணர்வையும் பற்களின் அழுத்த உணர்வையும் மூளைக்கு எடுத்துச் செல்வதும் ஐந்தாம் மண்டை நரம்பாகிய முக்கிளை நரம்புதான். அதன் வலியுணர்வுப் பகுதி மூளைத்தண்டிலிருந்து இறங்கிக் கழுத்துத் தண்டுவடத்தின் மேற்பகுதி வரை நீண்டு, கழுத்திலிருந்து வரும் நரம்புச் செய்திகளோடு அங்கே கலக்கிறது. தாடை வலி உள்ளவர் கழுத்து வலியையும் தலைவலியையும் சேர்த்துச் சொல்வதற்கு இது ஒரு காரணம். தாடைக்கும் உடலின் மற்றப் பகுதிகளுக்கும் தொடர்பே இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஹங்கேரிய மருத்துவர் எர்னோ ஜென்ட்ராசிக் 1880-களிலேயே இதற்கு இணையான ஒன்றைக் காட்டியிருக்கிறார்: இரு கைகளின் விரல்களைக் கோத்து இழுத்தாலோ பற்களை இறுகக் கடித்தாலோ, முழங்காலைச் சுத்தியலால் தட்டும்போது எழும் துள்ளல் வலுவாகிறது. பற்களைக் கடிப்பது கால் தசைகளின் அனிச்சைச் செயலைக் கூட்டும் என்பது பிற்காலத்தில் மின் அளவீடுகளாலும் உறுதிப்பட்டது.

ஆனால் இந்த உண்மை யாருக்குப் பயன்படும் என்று பார்க்க வேண்டும். எடை தூக்குபவர், குண்டு எறிபவர், தாண்டுபவர் ஆகியோருக்கு ஓரிரு விநாடி நீடிக்கும் உச்ச விசை தேவை. அந்த விநாடியில் பற்களைக் கடிப்பது கொஞ்சம் உதவலாம். 42.195 கிலோமீட்டர் ஓடுபவரின் தேவை முற்றிலும் எதிரானது. அவர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தேவையற்ற ஒவ்வொரு தசையையும் தளர்த்தி வைத்திருக்க வேண்டும். ஓய்வு நிலையில் மேல், கீழ்ப் பற்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் வரை இடைவெளி இருப்பதே இயல்பு. நல்ல ஓட்டக்காரரின் கன்னம் ஒவ்வொரு காலடிக்கும் குலுங்குவதைப் பயிற்சியாளர்கள் சுட்டிக்காட்டுவது இதனால்தான். ஆகவே விசைப் போட்டிகளுக்குச் சொல்லப்பட்ட காரணத்தை அப்படியே நீள்தூர ஓட்டத்துக்குக் கடன் வாங்க முடியாது.

1981 முதல் 1984 வரை: கருவி சோதனைக்கு வருகிறது

கையை அழுத்தும் சோதனையில் உள்ள குறை, சோதிப்பவருக்கும் சோதிக்கப்படுபவருக்கும் எது நடக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான். அழுத்தும் விரலின் வேகம், கோணம், எங்கே தொடுகிறோம் என்பது, ‘இப்போது தாங்கு’ என்று சொல்லும் குரலின் அழுத்தம் ஆகிய அனைத்தும் முடிவை மாற்றும். சோதிப்பவர் ஏமாற்ற நினைக்க வேண்டியதில்லை. தன் நம்பிக்கையே தன் விரலை வழிநடத்துவதை அவர் அறியமாட்டார். முதல் முறை அழுத்தியபோது விசை எவ்வளவு வரும் என்று வீரருக்கும் தெரிந்துவிடுகிறது. இரண்டாம் முறை அவர் தயாராக நிற்கிறார்.

இதைச் சரிசெய்யும் வழி எளிது. வாயில் வைத்தால் ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு கருவிகளைச் செய்து, ஒன்று தாடையை உண்மையிலேயே நகர்த்துவதாகவும் மற்றது நகர்த்தாததாகவும் அமைத்து, எது எதுவென்று வீரருக்கும் அளப்பவருக்கும் தெரியாமல் மறைத்து, விரலுக்குப் பதிலாக இயந்திரத்தால் அளப்பது. 1981-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்க இதழில் வெளியான கிரீன்பெர்க் குழுவினரின் ஆய்வு இவ்வாறு போலிக் கருவியோடு ஒப்பிட்டு மேலுடல் வலிமையை அளந்தது. மோராவுக்கும் போலிக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. 1984-இல் அதே இதழில் வெளியான யேட்ஸ் குழுவினரின் ஆய்வும் தசை வலிமையில் பயன் எதையும் காணவில்லை.

நீள்தூரப் போட்டியாளருக்கு இவற்றைவிட முக்கியமானது, அதே 1984-இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் ஆய்விதழில் வில்லியம் மெக்கார்டில் குழுவினர் வெளியிட்ட கட்டுரை. உடற்பயிற்சி உடலியங்கியல் பாடநூலால் உலகெங்கும் மாணவர்களுக்கு அறிமுகமான அந்த மெக்கார்டில்தான். இரு தரப்புக்கும் மறைத்து நடத்தப்பட்ட அந்த ஆய்வு, வலிமையோடு நிற்காமல் உடற்பயிற்சியின்போதான ஆக்ஸிஜன் உட்கொள்ளலையும் அளந்தது. அதிலும் தாடையை நகர்த்தியதால் செயல்திறன் உயரவில்லை. மோரா பற்றிய ஆரவாரம் அடங்கத் தொடங்கியது இந்த ஆண்டுகளில்தான். அளவுகோல் விரலிலிருந்து இயந்திரத்துக்கு மாறியவுடன் பயன் மறைந்துபோனது என்ற இந்த ஒரு செய்தி, இன்று மவுத்பீஸ் வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது என்று எனக்குத் தோன்றுகிறது.

மீண்டும் வந்த வாதம்: மூச்சும் லாக்டேட்டும்

2000-க்குப் பிறகு அதே எண்ணம் புதிய சொற்களோடு திரும்பியது. இம்முறை வலிமைக்குப் பதிலாகக் காற்றுப் பாதையும் களைப்பும் முன்னுக்கு வந்தன. தென் கரோலினா மாநிலம் சார்ல்ஸ்டன் நகரில் உள்ள சிட்டாடல் இராணுவக் கல்லூரியைச் சேர்ந்த டீனா கார்னரும் சக ஆய்வாளரும் 2009-இல் வெளியிட்ட கட்டுரை இதில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. மவுத்பீஸ் அணிந்து 30 நிமிடம் ஓடிய கல்லூரி மாணவர்களின் இரத்தத்தில், கடும் உழைப்பில் தசைகளில் உருவாகும் லாக்டேட் என்னும் பொருள், அணியாமல் ஓடியபோது இருந்ததைவிடக் குறைவாக இருந்ததாகவும், சி.டி. ஸ்கேனில் தொண்டைக் காற்றுப் பாதை அகன்றிருந்ததாகவும் அக்கட்டுரை கூறியது. கீழ்த்தாடையை முன்னும் கீழுமாகச் சற்றே நகர்த்தினால் நாக்கின் அடிப்பகுதி முன்னே வருகிறது, தொண்டை அகல்கிறது, மூச்சு எளிதாகிறது, களைப்பு குறைகிறது என்பதே சொல்லப்பட்ட காரணத் தொடர்.

இந்தத் தொடரின் முதல் கண்ணிக்கு உறுதியான ஆதாரம் வேறோர் இடத்தில் இருக்கிறது. உறக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய்க்கும் குறட்டைக்கும், கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும் கருவிகள் நன்கு நிறுவப்பட்ட மருத்துவம். உறங்கும்போது நாக்குத் தசை தளர்ந்து பின்னே சரிவதால் அடைபடும் தொண்டையை அவை திறந்துவைக்கின்றன. ஆனால் ஓடுபவர் உறங்கவில்லை. கடுமையாக மூச்சு வாங்கும்போது நாக்கையும் தொண்டைச் சுவரையும் விறைப்பாக வைத்திருக்கும் தசைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் தாமாகவே இயங்கிப் பாதையை அகலப்படுத்துகின்றன. மேலும் சி.டி. ஸ்கேன் எடுக்கும்போது ஆள் அசையாமல் படுத்திருக்கிறார். அமைதியாகப் படுத்திருப்பவரின் தொண்டை அளவை வைத்துக்கொண்டு, நிமிர்ந்து ஓடியபடி நிமிடத்துக்கு 100 லிட்டருக்கும் மேல் காற்றை இழுத்துவிடுபவரின் மூச்சைப் பற்றி முடிவு சொல்வது பெரிய தாவல்.

அடுத்த கண்ணி இன்னும் பலவீனமானது. ஓய்வில் நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் வரை மூச்சுவிடும் நாம், வேலை கூடக்கூட மூக்கால் மட்டும் சமாளித்துவிட்டு, ஏறத்தாழ 35 முதல் 40 லிட்டர் அளவில் வாயையும் திறந்துவிடுகிறோம். கடல் மட்டத்தில், ஆரோக்கியமான நுரையீரல் உள்ள பெரும்பாலோருக்கு நீள்தூர ஓட்டத்தின் எல்லையை நிர்ணயிப்பது காற்று உள்ளே வருவதல்ல. இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு இரத்தத்தை அனுப்புகிறது, தசைகள் அதிலிருந்து ஆக்ஸிஜனை எப்படி எடுக்கின்றன, ஒரே வேகத்துக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் செலவாகிறது என்பவைதான். மிக உயர்ந்த பயிற்சி பெற்ற சிலருக்கு உச்ச முயற்சியில் இரத்த ஆக்ஸிஜன் குறைவதுண்டு. மூச்சுத் தசைகளுக்கே மொத்த ஆக்ஸிஜனில் பத்தில் ஒரு பங்கு அல்லது சற்று அதிகம் செலவாகும் நிலையும் உண்டு. ஆகவே மூச்சின் சுமையைக் குறைப்பது பொருளற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சுமையின் பெரும்பகுதி நெஞ்சுக்கூட்டிலும் உதரவிதானத்திலும் இருக்கிறது, நாக்கின் அடியில் அல்ல.

லாக்டேட் பற்றியும் ஒரு சொல். இரத்த லாக்டேட் என்பது தசையில் அது உருவாகும் வேகத்துக்கும், இதயமும் கல்லீரலும் மற்றத் தசைகளும் அதை எரித்து அகற்றும் வேகத்துக்கும் இடையிலான மீதி. முந்தைய இரவு சோறு குறைவாகச் சாப்பிட்டு, தசையில் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்தாகிய கிளைக்கோஜன் குறைந்த நிலையில் ஓடினாலே அந்த எண் இறங்கிவிடும். ஓட்டம் மேம்பட்டது என்று அதற்குப் பொருளில்லை. வாயில் பிளாஸ்டிக் இருப்பதால் ஒருவர் தன்னையறியாமல் சற்று மெதுவாக மூச்சு விட்டாலும் இரத்த வாயுக்களின் சமநிலை மாறி அளவீடு மாறக்கூடும். ‘லாக்டேட் குறைந்தது’ என்ற விளம்பர வரியைப் படிக்கும்போது, அதே முயற்சியில் தூரத்தை முடிக்க எடுத்த நேரம் குறைந்ததா என்று கேட்பதே சரியான கேள்வி. இத்துறை ஆய்வுகள் சிலவற்றுக்குக் கருவி தயாரிப்பாளர்களே நிதி அளித்திருப்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். அது ஆய்வாளரின் நேர்மையைச் சந்தேகிக்கக் காரணம் ஆகாது. ஆனால் பணத் தொடர்பில்லாத வேறோர் ஆய்வகம் அதே முடிவைக் காணும்வரை காத்திருக்கக் காரணம் ஆகும்.

நான் மிகவும் மதிக்கும் சான்று இந்த இரண்டாம் ஆரவாரத்துக்கு முன்பே வந்தது. 1991-இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் ஃபிரான்சிஸ், பிரேஷர் இருவரும் வெளியிட்ட ஆய்வில் பத்து ஆண்களும் ஏழு பெண்களும் சாதாரணக் கடை மவுத்கார்டுகளை அணிந்து ஊதும் சோதனையையும் நிலைச் சைக்கிள் பயிற்சியையும் செய்தனர். எதிர்பார்த்தபடியே, வேகமாக வெளியே ஊதும் காற்றின் அளவு குறைந்தது. கருவி பாதையை அடைத்தது. ஆனால் கடும் பயிற்சியில் மூச்சின் மொத்த அளவு குறைந்தபோதும் அவர்கள் தடுமாறவில்லை. அதே வேலைக்கு ஆக்ஸிஜனைச் செலவிடும் சிக்கனம் சற்றுக் கூடியதாகவே தோன்றியது. உதட்டைக் குவித்து மெதுவாக ஊதும் நுரையீரல் நோயாளிகளின் உத்தியைப் போல, வாயில் இருந்த சிறு தடை மூச்சை ஆழப்படுத்தி நிதானப்படுத்தியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். அந்தக் கருவிகள் எந்தச் ‘சரியான’ இருப்புக்கும் தாடையைக் கொண்டுசெல்வதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மவுத்பீஸ் அணிந்தவர் நிதானமாக மூச்சு விடுவதாக உணர்ந்தால், அது தாடை நேரானதால் வந்ததா, வாயில் ஒரு பொருள் இருப்பதால் மூச்சின் தாளம் மாறியதால் வந்ததா என்ற கேள்வியை இந்த ஆய்வு நம் முன் வைக்கிறது. இரண்டாவது காரணமே உண்மையானால், அதே நிதானத்தை மூச்சுப் பயிற்சியாலேயே ஒருவர் பெற்றுவிடலாம்.

தாடையின் இருப்பு ஓட்டத்தின் வடிவத்தைத் தொடுகிறதா என்று நேராகக் கேட்ட ஆய்வும் உண்டு. 2015-இல் ‘பிளாஸ் ஒன்’ இதழில் மௌரர் என்பவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட அந்த ஜெர்மன் ஆய்வில், 20 பொழுதுபோக்கு ஓட்டக்காரர்கள் வெவ்வேறு தாடை இருப்புகளில் ஓடினர். தசைத் தளர்வின் அடிப்படையில் அமைத்த ஸ்பிளிண்ட் என்னும் பற்கவசத்தை அணிந்தபோது இடது, வலது அசைவுகள் கூடுதல் சமச்சீராக இருந்தன. இது கவனத்துக்குரிய முடிவு. ஆனால் சமச்சீர் ஓட்டம் வேகமான ஓட்டம் ஆகிவிடாது. உலகத் தரத்தில் ஓடும் பலரின் நடையில் கண்ணுக்கே தெரியும் ஏற்றத்தாழ்வு உண்டு.

நம்பிக்கை தரும் விழுக்காடு

ஒருவர் மவுத்பீஸ் வாங்கி, மறுநாள் ஓடி, தன் நேரம் குறைந்ததைக் கண்டு மகிழ்ந்தால் அவரைப் பொய் சொல்கிறார் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அவர் உண்மையிலேயே வேகமாக ஓடியிருக்கிறார். ஏன் என்பதுதான் கேள்வி. 2000-இல் வெளியான ஓர் ஆய்வில் சைக்கிள் வீரர்கள் 40 கிலோமீட்டர் சோதனை ஓட்டம் ஓட்டினர். தாங்கள் மாவுச்சத்துப் பானம் குடிப்பதாகச் சொல்லப்பட்டவர்களின் சராசரி ஆற்றல் 4.3 விழுக்காடு உயர்ந்தது. வெற்றுப் பானம் குடிப்பதாகச் சொல்லப்பட்டவர்களுக்கு உயர்வு 0.5 விழுக்காடு மட்டுமே. உண்மையில் கோப்பைக்குள் என்ன இருந்தது என்பதைவிட, என்ன இருக்கிறது என்று சொல்லப்பட்டதே பெரிய வேறுபாட்டை உண்டாக்கியது. அளவெடுத்து, அச்சு வார்த்து, பணம் கொடுத்து, கண்ணாடி முன் பொருத்திப் பார்த்த ஒரு கருவிக்கு இந்த ஆற்றல் ஒரு கோப்பைப் பானத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

ஆகவே தன்மேல் சோதித்துப் பார்க்க விரும்புபவர், நண்பர் ஒருவரின் உதவியோடு கொஞ்சம் கறாராகச் சோதிக்கட்டும். ஒரே பொருளில், ஒரே தடிமனில் இரண்டு கருவிகள் வேண்டும். ஒன்று தாடையை நகர்த்துவது, மற்றது வழக்கமான கடியிலேயே விட்டுவிடுவது. எதை எந்த நாளில் கொடுப்பது என்பதை நண்பர் சீட்டுக் குலுக்கி முடிவு செய்து குறித்துவைக்க வேண்டும். ஆற்றல் அளக்கும் கருவி பொருத்திய சைக்கிளோ சரிவு மாறாத டிரெட்மில்லோ நல்லது. சாலையில் காற்றும் வெயிலும் முடிவைக் குழப்பிவிடும். ஒரே உணவு, ஒரே நேரம், ஒரே காலணி. ஓட்டச் சிக்கனம் நாளுக்கு நாள் ஓரிரு விழுக்காடு தானாகவே ஏறி இறங்கும் என்பதால், ஒரு கருவிக்கு ஒரு ஓட்டம் போதாது. ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு ஓட்டங்களாவது வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு வேறுபாடு நிலைத்து நின்றால், அந்த ஒருவரைப் பொறுத்தவரை அது மதிக்கத்தக்க சான்று.

தாடையைக் கவனிக்க வேண்டியவர்கள்

காலையில் எழும்போது கன்னம் இறுகி வலிப்பவர், நெற்றிப்பொட்டில் தலைவலியோடு எழுபவர், கடைவாய்ப் பற்களின் முகடு தேய்ந்து தட்டையானவர், வாயை மூன்று விரல் அகலத்துக்குத் திறக்க முடியாதவர், இரவில் உரக்கக் குறட்டை விட்டுப் பகலில் பயிற்சியின்போது சோர்பவர் ஆகியோருக்குத் தாடை ஒரு உண்மையான பிரச்சினை. குறிப்பாகக் கடைசியாகச் சொன்னவர், உறக்க மருத்துவரைப் பார்த்து மூச்சுத் தடை உள்ளதா என்று அறிந்துகொண்டால், ஓடும்போது அணியும் எந்தப் பிளாஸ்டிக்கும் தர முடியாத பயனை இரவில் அணியும் கருவி தரக்கூடும். சரியாக உறங்காதவரின் தசைகள் பயிற்சியிலிருந்து மீள்வதில்லை. தாடைக்கும் நீள்தூரத் திறனுக்கும் இடையே நான் காணும் மிக வலுவான இணைப்பு இதுதான்.

வாய் நலம் செயல்திறனைத் தொடும் வேறொரு வழியும் உண்டு. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் 25 நாடுகளைச் சேர்ந்த 302 வீரர்களின் வாயைச் சோதித்த இயன் நீடில்மன் குழுவினர், 55 விழுக்காட்டினருக்குச் சொத்தைப் பல்லும் 45 விழுக்காட்டினருக்குப் பல் அரிப்பும் இருப்பதைக் கண்டனர். தங்கள் பயிற்சியையோ போட்டியையோ வாய்ப் பிரச்சினை பாதித்ததாக 18 விழுக்காட்டினர் கூறினர். நீள்தூரப் போட்டியாளர் மணிக்கணக்கில் இனிப்பு ஜெல்லையும் புளிப்புப் பானத்தையும் உறிஞ்சுகிறார். மூச்சு வாங்கி வாய் உலர்ந்து, பற்களைக் காக்கும் எச்சில் குறைந்துவிடுகிறது. அந்த நிலையில் பற்களை மூடும் ஒரு மவுத்பீஸ், பானத்தைப் பல்லோடு ஒட்டிப் பிடித்துவைக்கும் தொட்டியாக மாறலாம். அதை அணிபவர் ஒவ்வொரு முறையும் தண்ணீரால் வாய் கொப்பளிப்பது நல்லது.

மோராவின் வரலாற்றில் மறக்கக் கூடாத பகுதி அதன் தீங்கு. கடைவாய்ப் பற்களை மட்டும் மூடும் கருவியை இரவு பகலாக மாதக்கணக்கில் அணிந்தால், மூடப்பட்ட பற்கள் சற்றே உள்ளே அமுங்க, மூடப்படாத முன்பற்கள் மேலெழுகின்றன. கருவியைக் கழற்றிய நாளில் முன்பற்கள் தொடுகின்றன, கடைவாய்ப் பற்கள் தொடுவதில்லை. மெல்லும் பற்களுக்கு நடுவே காற்று நிற்கிறது. இதைச் சரிசெய்யக் கம்பி கட்டவோ பற்களுக்கு உறையிடவோ நேரிடும். தாடை மூட்டுக் கோளாறுகளுக்கு மீட்டெடுக்கக்கூடிய எளிய மருத்துவத்தையே முதலில் தர வேண்டும் என்று அமெரிக்கப் பல் ஆராய்ச்சிச் சங்கம் 2010-இல் வெளியிட்ட அறிக்கை வலியுறுத்தியதற்குப் பின்னால் இத்தகைய அனுபவங்களும் உண்டு. ஓட்டத்தை மேம்படுத்துவதற்காகப் பற்களை அரைத்துக் கடியை மாற்றலாம் என்று எவரேனும் சொன்னால், எழுந்து வெளியே வந்துவிடுவதே சரி. அரைத்த பல் திரும்ப வளராது.

பயிற்சியின்போது மட்டும், ஒரு நாளில் ஓரிரு மணி நேரம் அணியும் கருவிக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. அப்படி அணிபவரும் ஓட்டம் முடிந்து கருவியைக் கழற்றி அரைமணி நேரம் சென்ற பின், பற்களைச் சேர்த்து மெதுவாகத் தட்டிப் பார்க்கட்டும். இரு பக்கக் கடைவாய்ப் பற்களும் முன்பு தொட்டது போலவே ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒரு பக்கம் முந்தினாலோ, பின்பற்கள் தொடாமல் நின்றாலோ, காதுக்கு முன்னால் புதிதாக வலி எழுந்தாலோ, அடுத்த ஓட்டத்துக்கு அந்தக் கருவியைப் பெட்டியிலேயே விட்டுவிட்டுப் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.